முறுக்கு டப்பாவில் ஒரு ஆங்கிலச் சொல்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஆங்கிலத்தில் வெறுப்பைச் சொல்லும் சொற்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். கரூரிலிருந்து ஒரு வாசகி எழுதிய கேள்வி இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான்.

கேள்வி: வணக்கம் ஐயா. இரண்டு வியாபாரப் பங்குதாரர்கள் பிரிந்துபோனதைப் பற்றி ஆங்கிலப் பேப்பரில் படித்தேன். 'வித்தவுட் ரேங்கர்' பிரிந்தார்கள் என்று போட்டிருந்தது. முதலில் ரேங்க் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்றுதான் நினைத்தேன். அகராதியைப் பார்த்தால் கடும் வெறுப்பு என்று இருக்கிறது. வெறுப்புக்குத்தான் ஹேட்ரட் இருக்கிறதே, இது எதற்கு இன்னொன்று? எங்கிருந்து வந்தது? – வாசகி, கரூர்

பதில்: தீபாவளிக்குச் சுட்ட முறுக்கில் ஒரு டப்பா அலமாரியின் பின்பக்கம் போய்விட்டது, பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது கைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்ததும் முறுக்கு கண்ணில் படுவதற்கு முன்னால் வாடை மூக்கில் ஏறும். பார்வைக்கு முறுக்கு அப்படியே இருக்கும், நிறம் மாறியிருக்காது, உடைத்தால் மொறுமொறுவென்ற சத்தம்கூட வரும். வாயில் போட்டால்தான் தொண்டையில் காறும். சில வீடுகளில் அதைச் சிக்கு வாடை என்பார்கள், சில வீடுகளில் காறல் அடிக்குது என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ரேன்ஸிட் என்று பெயர். நீங்கள் கேட்ட ரேங்கர், அந்த ரேன்ஸிட்டின் கூடப் பிறந்த சொல்.

இரண்டுக்கும் தாய் லத்தீனில் 'ரான்கேரே' என்ற வினைச்சொல். கெட்டுப்போய் நாறுவது என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'ரான்கோர்' முதலில் வெறும் நாற்றம்தான், மனசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிற்கால லத்தீனில்தான் அது மனிதருக்குள் தங்கிப்போன பகையைக் குறிக்க ஆரம்பித்தது. அந்தப் பொருளில் அதைக் கையாண்டவர்களில் ஒருவர் பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம். 4-ம் நூற்றாண்டில் அவர் தன் அம்மாவின் சகோதரி கஸ்தோரினாவுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதுகிறார். (லத்தீனில் அம்மாவின் சகோதரிக்கும் அப்பாவின் சகோதரிக்கும் நம்மைப் போலவே தனித்தனிச் சொல் உண்டு, அதனால் இவர் அத்தை இல்லை, சித்தியோ பெரியம்மாவோதான் என்பது தெரிகிறது.) இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ மனத்தாங்கல், பேச்சுவார்த்தை இல்லை. சூரியன் மறைவதற்குள் கோபத்தை விட்டுவிட வேண்டும் என்ற பைபிள் வாசகத்தை எடுத்துச் சொல்லி, நமக்குள் இருக்கும் பழைய ரான்கோரை இறக்கி வைத்துவிடுவோம் என்று கேட்கிறார். உலகத்தின் மிகப் பெரிய மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவர், இந்தச் சொல்லை எடுத்தது ஒரு சொந்தக்காரச் சண்டையைத் தீர்ப்பதற்கு! படிக்கும்போது நம் வீட்டுக் கடிதம் மாதிரியே இருக்கிறது.

அதில் 'பழைய' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் கேள்விக்கு பதில் அதில்தான் இருக்கிறது. ஹேட்ரட் ஒரே நிமிடத்தில் வரலாம். முன்பின் தெரியாத ஆளைப் பார்த்தவுடனேயே வரலாம். ரேங்கர் அப்படி வராது, அதற்கு நாள் ஆக வேண்டும். எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த அன்றைக்கே எந்த முறுக்கும் காறுவதில்லை இல்லையா? எண்ணெயில் இருக்கும் கொழுப்பு காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து சின்னச் சின்னத் துண்டுகளாக உடைகிறது, அந்தத் துண்டுகளிலிருந்து வருவதுதான் வாடை. முதலில் நாள் கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் கெட்ட ஒரு மூலக்கூறு பக்கத்தில் இருப்பதைக் கெடுக்க, அது அடுத்ததைக் கெடுக்க, சங்கிலி மாதிரி வேகம் எடுத்துவிடும். ஜெரோமுக்கு இந்த வேதியியல் தெரிந்திருக்காது, ஆனால் எண்ணெய் ஜாடி தெரியும்.

இதில் எனக்கு ஆச்சரியமான இன்னொரு விஷயம், ஆங்கிலத்துக்கு முதலில் வந்தது மனசுச் சொல்தான், எண்ணெய்ச் சொல் இல்லை. பிரெஞ்சு வழியாக ரேங்கர் நுழைந்து 14-ம் நூற்றாண்டில் சாசர் கவிதையிலேயே புழங்குகிறது. ரேன்ஸிட் வருவதோ 17-ம் நூற்றாண்டில். அதாவது கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் ஆங்கிலேயர்கள் அதன் வாடை தெரியாமலே அந்தச் சொல்லைப் பேசியிருக்கிறார்கள். ஆனாலும் ஷேக்ஸ்பியருக்கு அது ஏதோ பாத்திரத்தில் ஊற்றி வைக்கிற சமாச்சாரமாகத்தான் தெரிந்திருக்கிறது. மேக்பெத் நாடகம், மூன்றாம் அங்கம், முதல் காட்சி. ராஜாவைக் கொன்று கிரீடத்தை வாங்கியாகிவிட்டது. ஆனால் தனக்குப் பின்னால் நாற்காலியில் உட்காரப் போவது சக தளபதி பாங்க்வோவின் வாரிசுகள் என்று சூனியக்காரிகள் சொன்னது மேக்பெத்தைக் குடைகிறது. அவர்களுக்காகத்தான் என் அமைதியின் பாத்திரத்தில் ரேங்கரைப் போட்டுக்கொண்டேனா என்று புலம்புகிறான். அடுத்தவன் பாத்திரத்தில் இல்லை, தன் பாத்திரத்தில்! கெட்டுப்போன எண்ணெயின் நாற்றத்தை முதலில் அனுபவிப்பது அதை வைத்திருக்கிற டப்பாதானே.

தமிழில் இதை வெறும் வெறுப்பு என்று போடாதீர்கள். வன்மம் என்றோ காழ்ப்பு என்றோ எழுதுங்கள். நான் காழ்ப்புதான் எழுதுவேன், காரணம் இருக்கிறது. காழ் என்றால் மரத்தின் நடுவில் முற்றி இறுகிய வைரம். "இளைதாக முள்மரம் கொல்க களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து" என்று பகையைப் பற்றிய குறளில் வருகிறதே, அதே காழ்த்தல்தான். முள்மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்டிவிடு, முற்றினால் வெட்டுகிறவன் கையைத்தான் அது பதம் பார்க்கும். லத்தீன்காரன் ஜாடியைப் பார்த்தான், நம் ஆள் மரத்தைப் பார்த்தார், இரண்டு பேரும் கணக்கில் எடுத்தது நாள்பட்டுப் போவதைத்தான்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது: பிரிட்டிஷ் எழுத்துமுறையில் கடைசியில் ஓ-யூ-ஆர், அமெரிக்காவில் ஓ-ஆர். ஆனால் ரேங்கரஸ் என்று பெயரடையாக்கும்போது இரண்டு நாட்டிலும் அந்த யூ போய்விடும், பத்திரிகைகளிலேயே இதில் தப்பு வருகிறது. அப்புறம், நீங்கள் பார்த்த 'வித்தவுட் ரேங்கர்' மிகவும் சகஜமான பிரயோகம். விவாகரத்து, கூட்டணி முறிவு, வியாபாரப் பிரிவு, இந்த மாதிரி செய்திகளில் அடிக்கடி வரும். நேற்று கோபப்படவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. கோபப்பட்டிருக்கலாம், கத்தியிருக்கலாம், ஆனால் அதை மூடிபோட்டு எடுத்துப் போகவில்லை என்று பொருள்.

கேள்வி: ரேங்க், ரேங்கர், ரேங்கிள் மூன்றும் ஒரே வேரா? பழைய அவமானம் இன்னும் மனதை அரிக்கிறது என்பதற்கு ரேங்கிள் என்று எழுதுகிறார்களே. – கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: மூன்றும் வேறு வேறு, தம்பி. பார்க்க ஒரே குடும்பம் மாதிரி இருப்பதால் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். வகுப்பில் வாங்குகிற ரேங்க், வரிசை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நாற்றமடிக்கிற என்ற பொருளில் இன்னொரு ரேங்க் உண்டு. அதுவாவது ரேன்ஸிட்டுக்கு உறவாக இருக்கும் என்று தோன்றும், அதுவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு இறுமாப்பு, பலம் என்று பொருள். அப்புறம் கட்டுக்கடங்காமல் மண்டி வளர்ந்த செடிகொடியைச் சொன்னார்கள், கடைசியில் அங்கிருந்து நாற்றத்துக்கு வந்து சேர்ந்தது.

ரேங்கிள் கதை இன்னும் விசித்திரம். லத்தீனில் 'திராகுன்குலுஸ்' என்றால் குட்டிப் பாம்பு, டிராகனின் குட்டி. சீழ் வைத்து ஆறாமல் இருக்கும் புண்ணுக்குப் பழைய பிரெஞ்சில் அந்தப் பாம்பின் பெயரையே வைத்தார்கள், முதலெழுத்து தேய்ந்து போய் ஆங்கிலத்துக்கு ரேங்கிள் என்று வந்தது. முதலில் நிஜப் புண்ணுக்குத்தான் சொன்னார்கள், மனப்புண் அப்புறம். அந்தக் குட்டிப் பாம்பு நமக்கும் அந்நியம் இல்லை. குளத்துத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தவர்களின் காலில் கொப்புளம் கிளம்பி, அதிலிருந்து வெள்ளை நூல் மாதிரி புழு வெளியே வருமே, நரம்புச் சிலந்தி, அந்தப் புழுவின் அறிவியல் பெயரும் இதே திராகுன்குலுஸ்தான். குச்சியில் சுற்றிச் சுற்றி நாள் கணக்கில் இழுப்பார்கள், அவசரப்பட்டு அறுந்தால் புண் இன்னும் மோசமாகிவிடும். இந்தியாவில் 1996-ல்தான் கடைசி நோயாளி பதிவானார், 2000-ல் உலக சுகாதார நிறுவனம் நோய் ஒழிந்துவிட்டதாகச் சான்று கொடுத்தது. உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சிலர் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

கேள்வி: நான் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. உயில் எழுதியவரை டெஸ்டேட்டர் என்று தினமும் டைப் அடிக்கிறேன். அடியோடு வெறுப்பதற்கு டிடெஸ்ட் என்கிறார்கள். இரண்டிலும் டெஸ்ட் இருக்கிறதே, சம்பந்தம் உண்டா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: உண்டு, நன்றாகவே உண்டு. 'தெஸ்திஸ்' என்றால் லத்தீனில் சாட்சி. இரண்டு பேர் வழக்கில் மூன்றாவதாகப் பக்கத்தில் நிற்பவன் என்பதுதான் அதன் ஆதிப்பொருள் என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் விளக்குகிறார்கள். உயில் சாட்சி வைத்து எழுதுவது, அதனால் டெஸ்டமென்ட். அட்டெஸ்டேஷன் வாங்குகிறீர்களே, அதுவும் இது. புரொட்டெஸ்ட் என்றால் ஊரறியச் சாட்சி சொல்வது. கான்டெஸ்ட், வழக்கைத் தொடங்க இரு தரப்பும் சாட்சிகளைக் கூப்பிடுவது. டிடெஸ்ட்டின் மூலமான 'தெதெஸ்தாரி' என்றால் தெய்வத்தைச் சாட்சியாகக் கூப்பிட்டு ஒருவனைச் சபிப்பது.

சின்ன வயதில் எங்கள் பக்கத்து ஊரில் நான் பார்த்த காட்சி ஒன்று உண்டு. வரப்புத் தகராறு. ஒரு பாட்டியின் நிலத்தில் இரண்டடி தள்ளி வேலி போட்டுவிட்டார்கள். பஞ்சாயத்தில் அவர் பக்கம் பேச ஆள் இல்லை. பாட்டி வரப்பிலேயே உட்கார்ந்து இரண்டு கையிலும் மண்ணை வாரி, தலைக்கு மேல் தூக்கி, அந்த ஆள் வீடு இருக்கும் திசையைப் பார்த்துத் தூற்றினார். "மேல சூரியன் பாத்துக்கிட்டு இருக்கான், கீழ பூமாதேவி பாத்துக்கிட்டு இருக்கா" என்று சொன்னார். அதற்கு மேல் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. சுற்றி நின்ற பெரிய ஆட்கள் இரண்டடி பின்னால் நகர்ந்ததை நான் பார்த்தேன். மண் மேலே பட்டுவிடக் கூடாது என்ற பயம். பல வருஷம் கழித்து அகராதியில் டிடெஸ்ட்டின் வேரைப் படித்தபோது எனக்கு அந்தக் கைகள்தான் ஞாபகம் வந்தன. மனிதர்களில் சாட்சி கிடைக்காதவர் சூரியனைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார், அதுதான் அந்தச் சொல்.

இன்றைக்கு ஆங்கிலத்தில் அந்தச் சாபம் சுத்தமாக வடிந்துவிட்டது. காலையில் சீக்கிரம் எழுவதை டிடெஸ்ட் பண்ணுகிறேன் என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். உங்கள் வேலைக்கு உதவும் ஒன்று: டிடெஸ்ட்டுக்குப் பின்னால் வினைச்சொல் வந்தால் ஐ-என்-ஜி வடிவம்தான் வரவேண்டும், டூ போட்டு எழுதக் கூடாது. இன்னொன்று, பரீட்சை டெஸ்ட் இந்தக் கூட்டத்தில் சேராது. அது மட்பாத்திரத்தைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல். தங்கம், வெள்ளியின் மாற்றுப் பார்க்க உருக்குவார்களே, அந்த மண் கிண்ணத்தின் பெயர்தான் பிள்ளைகள் எழுதுகிற டெஸ்ட்டுக்கு வந்தது.

கேள்வி: பனிமனிதன் எட்டியை அபாமினபிள் ஸ்னோமேன் என்று ஏன் சொல்கிறார்கள்? அபாமினபிள் என்றால் அருவருப்பான, வெறுக்கத்தக்க என்று மிஸ் சொன்னார்கள். எட்டி யாருக்கு என்ன செய்தது? – எட்டாம் வகுப்பு மாணவி, கோவை

பதில்: நல்ல கேள்வி, கண்ணு. எட்டி ஒன்றும் செய்யவில்லை, மொழிபெயர்ப்பு செய்த வேலை. 1921-ல் எவரெஸ்டுக்கு வழி பார்க்கப் போன பிரிட்டிஷ் குழு, ஹோவர்ட் பரி தலைமையில், 20,000 அடிக்கு மேலே லக்பா லா கணவாய்ப் பக்கம் பனியில் பெரிய காலடித் தடங்களைப் பார்த்தது. ஓநாயின் தடம் பனி உருகிப் பெரிதாகியிருக்கும் என்று அவர் நினைத்தார். கூட வந்த சுமைக்காரர்கள் 'மெட்டோ காங்மி' என்றார்கள். காங்மி என்றால் பனிமனிதன், அதில் சிக்கல் இல்லை. கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகைக்கு எழுதிவந்த ஹென்றி நியூமன், ஊர் திரும்பிய சுமைக்காரர்களை டார்ஜிலிங்கில் பிடித்து விசாரித்தார். முதல் பாதிக்கு அழுக்கான, அருவருப்பான என்கிற மாதிரி ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அபாமினபிள் என்று எழுதிவிட்டார். பெயர் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது.

அபாமினபிள் உள்ளே பார்த்தால் 'ஓமென்' இருக்கிறது, சகுனம். முன்னால் இருக்கும் 'அப்' விலகு என்பது. பூனை குறுக்கே போனால் சிலர் வீட்டுக்குத் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள் இல்லையா? கெட்ட சகுனத்தைக் கண்டு அப்படி விலகிப் போவதுதான் இதன் முதல் பொருள். நடுக்காலத்தில் சிலர் இதை 'அப் ஹோமினே', மனிதத்தன்மையிலிருந்து விலகியது, என்று தப்பாகப் பிரித்து, நடுவில் ஒரு ஹெச் எழுத்தைச் சேர்த்து எழுதினார்கள். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் ஹோலோஃபெர்னஸ் என்ற வாத்தியார் அந்த ஹெச்சை உச்சரிக்காதவர்களைத் திட்டுவார். தப்பு அவர் மேல்தான். எட்டியின் பெயரும் தப்பில் பிறந்தது, அந்தப் பெயரில் இருக்கும் சொல்லும் தப்பாகப் பிரிக்கப்பட்டது. இதை உன் மிஸ்ஸிடம் சொல், சந்தோஷப்படுவார்கள்.

கேள்வி: லோத், அப்ஹார் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? – ஆசிரியை, கொழும்பு

பதில்: அப்ஹார் என்றால் முடி சிலிர்த்துப்போய் விலகுவது, ஹாரரில் இருக்கும் அதே வேர். கொடுமை, அநீதி, வன்முறை இவற்றோடு பொருந்தும், எழுத்து நடைக்கு உரியது. லோத் வயிற்றிலிருந்து வருவது, குமட்டல். அது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல். ஜெர்மனில் துயரத்துக்கும் பிரெஞ்சில் அவலட்சணத்துக்கும் இதே குடும்பத்துச் சொற்கள் உண்டு. மாணவர்களுக்கு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: லோத் என்பதன் கடைசியில் ஈ எழுத்து இருந்தால் வெறுக்கிறேன், ஈ இல்லாவிட்டால் மனமில்லை, தயக்கமாக இருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு எழுத்துக்கு வேலை விண்ணப்பத்தில் அர்த்தமே புரண்டுபோய்விடும்.

கேள்வி: இத்தனை வெறுப்புச் சொற்களில் சாதுவானது எது? – வாசகர், சேலம்

பதில்: அனாய். யாரும் அதை வெறுப்புக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, ஆனால் அதன் வேர் லத்தீனின் 'ஓதியும்', அப்பட்டமான வெறுப்பு. 'எனக்கு அது வெறுப்பில் இருக்கிறது' என்று லத்தீனில் ஒரு சொற்றொடர். அதில் 'வெறுப்பில்' என்பதற்கான 'இன் ஓதியோ' என்ற இரண்டு சொற்கள் பிரெஞ்சு வாயில் ஒட்டித் தேய்ந்து, ஆங்கிலத்தில் அனாய் ஆகிவிட்டது. பிரெஞ்சிலேயே தங்கிவிட்ட கிளை இன்னும் மெலிந்து, வெறும் சலிப்பு என்ற பொருளில் ஆன்வீ என்று நிற்கிறது. ஓதியும் அப்படியே ஆங்கிலத்திலும் இருக்கிறது, ஓடியம் என்று, ஊரே சேர்ந்து ஒருவர் மேல் கொட்டுகிற வெறுப்புக்கு. கொசு காதோரம் ரீங்காரம் போடும்போது நாம் சொல்வதும், ஒரு சர்வாதிகாரியைப் பற்றி வரலாற்று நூலில் எழுதுவதும் ஒரே வேர்.

கரூர் வாசகிக்கு ஒன்று விட்டுப்போய்விட்டது: பிரெஞ்சில் ரேங்கருக்கு ரான்கர் என்று சொல்கிறார்கள், ஆனால் எழுதும்போது அதன் பின்பாதியில், இதயத்துக்கு அவர்கள் எழுதும் 'கர்' அப்படியே முழுதாக உட்கார்ந்திருக்கும்.